லிட்டர் எடை

காலை பதினொன்றேகால் மணிக்கு எப்சிபாவின் எண் செல்போனில் மின்னியபோது, கார்த்திக்ராஜ் லிட்டர் பாத்திரத்தில் ஏலக்காயைக் கொட்டிக்கொண்டிருந்தான். அவள் எப்போதும் சாயங்காலம் ஐந்து மணிக்குத்தான் பேசுவாள். ஜெர்மனியில் அது மதியச் சாப்பாட்டு நேரம். இப்போது அங்கே விடிந்தும் விடியாத ஆறே முக்கால்தான் இருக்கும். கையிலிருந்த காயைச் சாக்கிலேயே போட்டுவிட்டுப் போனை எடுத்தான்.

"என்ன எப்சி, உடம்புக்கு எதுவும்..."

"அதெல்லாம் ஒண்ணுமில்லத்தான். வெயிட்டு வந்துருச்சு."

அவன் குடோனை விட்டு வெளியே வந்து, காய் காயப்போடும் களத்தின் ஓரத்தில் நின்றான். நவம்பர் வெயில். போடிமெட்டு மலை மேல் மேகம் இன்னும் கலையவில்லை.

"எவ்வளவு?"

"பூமியைப் போல ஏழு மடங்கு."

அவள் கண்டுபிடித்த கிரகத்தின் அளவு ஏற்கெனவே அவனுக்குத் தெரியும். எட்டு மாதமாக மனப்பாடம். பூமியைப் போல இரண்டு புள்ளி ஆறு மடங்கு அகலம். அப்படியென்றால் உள்ளே பதினேழரை பூமி கொள்ளும். பதினேழரை கொள்ளுகிற பாத்திரத்தில் ஏழுதான் நிற்கிறது. இந்தக் கணக்குக்கு அவனுக்குப் பேப்பர் வேண்டியதில்லை. பதினெட்டு வயதிலிருந்து அவன் செய்கிற வேலையே இதுதான்.

"அப்ப பொக்கு" என்றான்.

"பொக்குதான்." அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. "கல்லு இல்லத்தான். வாயுவும் தண்ணியுமா ஊதிக்கிட்டு நிக்கிது."

"நல்லாப் பாத்தாச்சா?"

"மூணு பேரு தனித்தனியா கணக்குப் போட்டாக. எல்லாருக்கும் ஒரே நம்பர்தான்." பிறகு, "டிசம்பர் பதினெட்டுக்கு டிக்கெட் போட்டுறட்டா?" என்று கேட்டாள்.

"போடு" என்றான், குரல் சாதாரணமாக இருக்கவேண்டும் என்ற கவனத்தோடு. போனை வைத்த பிறகுதான், களத்திலிருந்து எப்போதோ எடுத்த ஒரு காய் கையில் இருப்பதையும் அதை நசுக்கிவிட்டிருப்பதையும் பார்த்தான்.

அவர்களுக்குக் கல்யாணமாகி இரண்டரை வருஷம் ஆகிறது. அதில் சேர்ந்து வாழ்ந்தது எட்டு மாதம். எப்சிபா அவனுடைய மாமா மகள். பெங்களூரில் ஆராய்ச்சிப் பட்டம் முடித்துவிட்டு வந்தவள், கல்யாணத்துக்குப் பிறகு தேனியில் ஒரு கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். ஜெர்மனியிலிருந்து கடிதம் வந்தபோது அதை அவனிடம் காட்டவே மூன்று நாள் தயங்கினாள். அவன்தான் "ரெண்டு வருஷம்தான, போயிட்டு வா" என்றான். சொன்னபோது இரண்டு வருஷம் என்பது இரண்டு சீசன் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது, எட்டு எம்.எம். சல்லடையில் நின்ற நயம் காயாகப் பொறுக்கிக் கால் கிலோ கட்டி அவள் பெட்டியில் வைத்தான். அதில் ஒன்றைக்கூட அவள் டீயில் போடவில்லை. மேஜை மேல் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் இருந்ததை வெப்கேமராவில் காட்டினாள்.

அவள் வேலை என்னவென்று அவனுக்கு விளங்கவைத்தது, படுக்கையறையில் எரியும் ஜீரோ வாட்ஸ் சிவப்பு பல்புதான். "பெரிய லைட்டுக்கு முன்னால கொசு போனா நமக்குத் தெரியாது. இந்த பல்புக்கு முன்னால போனாத் தெரியும்ல?" என்று கேட்டு, ஒரு ஏலக்காயை நூலில் கட்டி அதன் முன்னால் ஆட்டிக் காட்டினாள். ஒவ்வொரு தடவை காய் குறுக்கே வரும்போதும் சுவரில் வெளிச்சம் ஒரு பொட்டு குறைந்தது. வானத்தில் இருப்பவற்றில் முக்கால்வாசி இப்படிப்பட்ட மங்கலான சிவப்பு நட்சத்திரங்கள்தான் என்றாள். வெறும் கண்ணுக்கு ஒன்றுகூடத் தெரியாது. அதனாலேயே ரொம்ப நாள் அவற்றை யாரும் சட்டை செய்யவில்லை. ஆனால் சின்ன கிரகத்தைப் பிடிக்கவேண்டுமென்றால் சின்ன விளக்கின் முன்னால்தான் பிடிக்கமுடியும். எவ்வளவு வெளிச்சம் குறைகிறது என்பதை வைத்துக் கிரகத்தின் அளவு தெரியும். கிரகம் இழுக்கிற இழுப்பில் நட்சத்திரம் எவ்வளவு ஆடுகிறது என்பதை வைத்து எடை தெரியும்.

"அளவும் எடையும் தெரிஞ்சா உள்ள என்ன இருக்குன்னு சொல்லிறலாம்" என்றாள்.

"இதுக்குப் போயி பெங்களூருல ஆறு வருஷம் படிச்சியா? எங்க குடோன்ல எடை போடுற செல்வமணி அஞ்சாங் கிளாஸு. ஒரு நாளைக்கு நாப்பது மூடைக்குச் சொல்லுவாரு" என்றான் அவன். அவள் தலையணையால் அடித்தாள்.

விஷயம் உண்மைதான். ஏலக்காய் வியாபாரத்தில் நிறத்தையும் அளவையும் பார்த்து ஏமாறுகிறவர்கள் உண்டு. தெரிந்தவர்கள் லிட்டர் எடைதான் கேட்பார்கள். ஒரு லிட்டர் பாத்திரத்தில் காயை நிரப்பி, மேலே ரூல்தடியால் மட்டம் தட்டித் தராசில் வைத்தால் நானூறு கிராம் நிற்கவேண்டும். நின்றால் உள்ளே அரிசி, அதாவது விதை, நிறைய இருக்கிறது. முந்நூற்றைம்பது, அறுபது என்று இறங்கினால், எவ்வளவு பச்சையாக மினுமினுத்தாலும் உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு கலந்த காய்.

எப்சிபாவின் கிரகம் மார்ச் மாதம் அகப்பட்டது. அன்றைக்கு அவள் போனில் அழுதாள். அடுத்த வாரமே இன்னொரு செய்தியும் சொன்னாள். அது கல்லாக இருந்தால், பூமியைப் போல் காலூன்றி நிற்கக்கூடிய தரையோடு இருந்தால், அவளுக்கு அங்கே இன்னும் மூன்று வருஷம் வேலை உண்டு. ஊதிய கிரகமாக இருந்தால் டிசம்பரோடு சரி. அந்த மாதிரி மற்றவர்கள் நிறையக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

அன்றிலிருந்து எட்டு மாதம், ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எல்லோரும் கண்ணை மூடும்போது கார்த்திக்ராஜ் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டான். ஆண்டவரே, அது பொக்காகப் போகட்டும். கேட்டுவிட்டுக் கண்ணைத் திறக்கும்போதெல்லாம், பக்கத்தில் நிற்கிறவருக்குக் கேட்டிருக்குமோ என்று கூச்சமாக இருக்கும்.

இப்போது கேட்டது கிடைத்துவிட்டது.

அம்மா கிருபாவதிக்குச் சேதி சொன்ன அரை மணி நேரத்தில் தெருவுக்கே தெரிந்துவிட்டது. மருமகள் வெளிநாட்டில் கிரகம் பார்க்கிறாள் என்று அவள் சொல்லப்போய், ஜோசியமா பார்க்கிறாள் என்று சபையில் ஒருவர் கேட்டு, அதற்கு விளக்கம் சொல்லியே இரண்டு வருஷம் ஓய்ந்துபோயிருந்தவள் அம்மா.

"இனிமே யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்ல, புள்ளையக் கண்ணு முன்னால காட்டிறலாம்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஏலே, அந்தக் கிரகம் சரியா வரலயேன்னு அவளுக்கு வெசனமா இருக்காதா?" என்று கேட்டாள்.

"இருக்கும்மா."

"இருக்கட்டும். இங்கன வந்தா எல்லாம் தீந்துரும்." சொல்லிவிட்டு மகன் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குள் போய்விட்டாள்.

மறுநாளே பெயிண்டர் வந்தான். படுக்கையறைக்கு வெளிர் மஞ்சள். "இந்த பல்பைக் கழட்டிரவாண்ணே? ஒயரு பழசாக் கெடக்கு" என்று அவன் ஏணியில் நின்றபடி கேட்டபோது, கார்த்திக்ராஜ் அவசரமாக "அது கெடக்கட்டும், சுத்திவர அடி" என்றான்.

நாலாம் நாள், வெள்ளிக்கிழமை, மலையம்மாள் வந்தாள். குரங்கணிக்கு மேலே ஒன்றரை ஏக்கர் ஏலக்காடு வைத்திருக்கும் அறுபது வயதுக்காரி. ஜீப்பில் இரண்டு மூடையோடு இறங்கி, யார் கையையும் எதிர்பார்க்காமல் தானே இழுத்து வந்து குடோனில் போட்டாள். செல்வமணி ஒரு கை அள்ளிப் பார்த்துத் தலையாட்டினார். லிட்டர் பாத்திரத்தில் நிரப்பி, மட்டம் தட்டித் தராசில் வைத்தார்.

"முந்நூத்தி அறுபத்திரெண்டு."

"என்னது?"

"அறுபத்திரெண்டு ஆத்தா. இந்த வருசம் எல்லாருக்கும் அப்படித்தான் நிக்குது. மழை சாஸ்தி, காயி பிடிக்கல. மூணு வாரமா வர்ற காயெல்லாம் இதே கததான்."

"எல்லாருக்கும் நின்னா எனக்கு என்னய்யா? எங் காடு மேட்டுக்காடு, தண்ணி தங்காது. ஒவ்வொண்ணாத் தடவிப் பாத்துல்ல எடுத்தேன்! எங் காயி பொக்குங்கிறியா?"

"நான் சொல்லலத்தா. தராசு சொல்லுது. அது பொய் சொல்லுமா?"

"தராசு சொல்லாது. உஞ் சட்டி சொல்லும்" என்றாள் மலையம்மாள். ஒரு காயை எடுத்துப் பல்லால் கடித்துப் பிளந்து, கார்த்திக்ராஜின் மேஜை மேல் வைத்தாள். "தம்பி, நீ படிச்ச பிள்ளதான? எண்ணிப் பாரு."

அவன் எண்ணவில்லை. எண்ண வேண்டியிருக்கவில்லை. கருகருவென்று அரிசி தோலை முட்டிக்கொண்டு நின்றது. இன்னொன்றைப் பிளந்தான். அதுவும் அப்படியே. பிறகு பாத்திரத்தைச் சாக்கில் கவிழ்த்துவிட்டு உள்ளே பார்த்தான். எந்நேரமும் காய் நிரம்பியே இருப்பதால் அடியை யாரும் பார்ப்பதில்லை. அடி உள்பக்கமாக மேடிட்டிருந்தது.

மேஜையிலிருந்த ஒரு லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து அதில் ஊற்றினான். பாட்டிலில் இன்னும் ஒரு வாய்த் தண்ணீர் இருக்கும்போதே பாத்திரம் நிரம்பி, மேஜை மேல் வழிந்து, பில் புத்தகத்தை நனைத்தது.

"யாரு செஞ்ச வேல இது?"

செல்வமணி தலையைச் சொறிந்தார். "போன மாசம் சல்லட மிசினு ஆடிக்கிட்டே கெடந்துச்சுல்ல... அது காலுக்கு இதக் கவுத்து முட்டுக் குடுத்தேன். ஒரு மணி நேரந்தான்."

"ஒரு மணி நேரத்துல ஊரு காயெல்லாம் பொக்காக்கிட்டியே, ராசா" என்றாள் மலையம்மாள். இப்போது அவளுக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்திருந்தது. "பாத்திரம் சின்னதாப் போனா காயி என்னய்யா பண்ணும் பாவம்!"

பக்கத்துக் கடைப் பாத்திரத்தை வாங்கி மறுபடி எடை போட்டார்கள். முந்நூற்றுத் தொண்ணூற்றேழு. மூன்று வாரமாகக் காய் கொடுத்தவர்களின் பெயரையெல்லாம் எழுதி, ஒவ்வொருவருக்கும் போன் போடச் சொல்லி செல்வமணியிடம் கொடுத்தான். மலையம்மாள் டீ குடித்துவிட்டுப் போனாள். போகும்போது, "சம்சாரம் வர்றாளாமே? நல்லது" என்றாள். அவன் தலையாட்டினான். ஆனால் அவள் சொன்ன முந்தைய வாக்கியம்தான் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

பாத்திரம் சின்னதாகப் போனால்.

கார்த்திக்ராஜ் மதியம் சாப்பிடவில்லை. நனைந்த பில் புத்தகத்தைக் களத்தில் வெயிலில் விரித்து வைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். நூலில் கட்டிய காய் பல்புக்கு முன்னால் ஆடியபோது சுவரில் வெளிச்சம் குறைந்ததே, அது நூற்றில் எத்தனை பங்கு குறைந்தது என்றுதான் எப்சி அளக்கிறாள். நூற்றில் பங்கு என்றால், எந்த நூறு? பல்பு எவ்வளவு பெரிது என்று தெரிந்தால்தான் காய் எவ்வளவு பெரிது என்று சொல்லமுடியும். பல்பு அவர்கள் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தால்? அப்போது காயும் சின்னது. காய் சின்னதாகி எடை மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை என்றால் அது பொக்கு இல்லை. மூன்று பேர் தனித்தனியாகக் கணக்குப் போட்டார்கள் என்றாளே, மூன்று பேரும் ஒரே பாத்திரத்தில்தானே அளந்திருப்பார்கள். செல்வமணி மூன்று வாரமாக அளந்த மாதிரி. மழை அதிகம், காய் லேசு என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த வருஷத்தில் லேசாக வந்த எடையை யார் சந்தேகப்படுவார்கள்?

அவர்கள் பெரிய படிப்புப் படித்தவர்கள், இதையெல்லாம் பார்க்காமலா இருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லவேண்டாம் என்பதற்கு அது நல்ல காரணமாகத்தான் இருந்தது. ஏலக்காய் வியாபாரி போனில் விஞ்ஞானம் பேசினால் சிரிப்பாள். பேசாமல் இருந்துவிட்டால் இன்னும் இருபத்தெட்டு நாள். பதினெட்டாம் தேதி மதுரையில் போய் நின்றால் போதும். யாருக்கும் ஒரு குறையும் வராது. அந்தக் கிரகத்துக்கு, கல்லாக இருந்தாலும் பொக்காக இருந்தாலும், ஒன்றும் ஆகப்போவதில்லை. அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும்.

ஆனால் எப்சி வருவாள். மஞ்சள் அடித்த அறையில் பக்கத்தில் படுத்திருப்பாள். எப்போதாவது அந்தச் சிவப்பு பல்பைப் பார்ப்பாள். அவள் அதைப் பார்ப்பதை இவன் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும், ஆயுசு முழுக்க.

போடியில் சூரியன் சீக்கிரம் மறைந்துவிடும். மேற்கே மலை. தேனியில் இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருக்க, இங்கே ஐந்து மணிக்கெல்லாம் மலையின் நிழல் ஊருக்குள் இறங்கி, களத்தைக் குறுக்காகக் கடந்து போகும். நிழல் பில் புத்தகத்தைத் தொட்டபோது போன் அடித்தது.

"என்னத்தான், பெயிண்ட் காஞ்சுருச்சா? அத்தை போன்ல சொன்னாக."

"காஞ்சுருச்சு. எப்சி..."

"சொல்லுங்க."

"அந்த நச்சத்திரம். அது எவ்வளவு பெருசுன்னு யாரு அளந்தாக?"

மறுமுனையில் தட்டுகளும் கரண்டிகளும் மோதும் சத்தம் கேட்டது. யாரோ சிரித்தார்கள். அவள் நடப்பது தெரிந்தது. ஒரு கதவு திறந்து மூடியது. சத்தமெல்லாம் நின்றுபோனது.

"ஏன் கேக்குறீக?"

அவன் சொன்னான். மலையம்மாள், அறுபத்திரெண்டு, வழிந்த தண்ணீர், சல்லடை மிஷினுக்குக் கொடுத்த முட்டு என்று எல்லாவற்றையும்.

"நாங்க அளக்கலத்தான்" என்றாள் கடைசியில். "பழைய பட்டியல்ல தூரம் போட்டிருந்தது. அதை வச்சு அளவு எடுத்துக்கிட்டோம். அந்தத் தூரம் தப்பா இருந்து, நட்சத்திரம் இன்னும் கிட்டத்துல இருந்தும் இவ்வளவு வெளிச்சம்தான் வருதுன்னா, அது நாங்க நினைச்சதைவிட மங்கல். மங்கல்னா சின்னது."

"எவ்வளவு சின்னதா இருந்தா..."

"கால்வாசி குறைஞ்சாப் போதும். எடையும் கொஞ்சம் குறையும், ஆனா கனம் ரெண்டு மடங்காயிரும்." பிறகு மெதுவாக, "கல்லாயிரும்" என்றாள்.

நிழல் களத்தைத் தாண்டிக் குடோன் சுவரில் ஏறிவிட்டிருந்தது.

"இதை அங்கன யாருமே யோசிக்கலையா?"

"மத்தவங்களுக்குத் தெரியாது. அந்தத் தூரம் என்னோட பங்கு. அதைச் சரிபாக்கணும்னு போன மாசமே நோட்டுல எழுதி வச்சேன். எழுதின பக்கத்தை நான் திருப்பவே இல்லத்தான்."

"ஏன்?"

"ஏன்னு கேக்குறீகளா?"

ஜெர்மனியில் ஏதோ ஒரு கதவுக்கு வெளியே, குளிரில், கோட்டுக்கூடப் போடாமல் அவள் நின்றுகொண்டிருப்பாள் என்று தோன்றியது. தான் ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டதையே அவளும் அங்கே கேட்டிருக்கிறாள். ஜெபமாக இல்லாமல், ஒரு பக்கத்தைத் திருப்பாமலே.

"நீங்க சொல்லாம இருந்திருக்கலாம்ல?" என்றாள். கோபமா அழுகையா என்று தெரியவில்லை.

"இருந்திருக்கலாம். மலையம்மா விடல."

அவள் சிரித்துவிட்டாள். மூக்கை உறிஞ்சும் சத்தமும் கூடவே வந்தது. "பாக்கட்டுமா?"

"பாரு."

"பெரிய டெலஸ்கோப்புல ஒரு ராத்திரி கேக்கணும். குடுத்தா, கணக்கு முடிய ரெண்டு வாரம் ஆகும்."

"டிக்கெட்டு?"

"டிக்கெட் அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டரை வாரம் ஐந்து மணிக்குப் பேசிக்கொண்டார்கள். சாப்பாடு, மழை, கிருபாவதியின் முழங்கால் வலி என்று எல்லாம் பேசினார்கள். அதைப் பற்றி மட்டும் அவன் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஒரு ராத்திரி கிடைத்துவிட்டது என்று ஒருநாள் சொன்னாள். வானம் சுத்தமாக இருந்தது என்று மறுநாள் சொன்னாள். அவ்வளவுதான். அம்மா கேக்குக்கு முந்திரியும் திராட்சையும் வாங்கி வைத்தாள். சபையில் இருந்து ஒருவர், மருமகள் வந்ததும் வீட்டில் ஒரு ஜெபக்கூட்டம் வைக்கலாமே என்றார். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கண்ணை மூடியபோது அவனுக்கு என்ன கேட்பதென்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தே வைத்திருந்தான்.

டிசம்பர் எட்டாம் தேதி செல்வமணி தேனிக்குப் போய்ப் புதிய லிட்டர் பாத்திரம் வாங்கி வந்தார். கனத்த பித்தளை, அடியில் அரசாங்க முத்திரை. "இதை யானை மிதிச்சாலும் நசுங்காது மொதலாளி. ஆனா மிசினுக்கு முட்டுக் குடுக்க மாட்டேன்" என்று அவராகவே சொன்னார்.

"நீ குடுப்ப. வையி மேல."

மேஜையில் வைத்தார். காயைப் போடுவதற்கு முன் கார்த்திக்ராஜ் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்தான். இப்போதெல்லாம் அது பழக்கமாகிவிட்டிருந்தது. மெல்ல ஊற்றினான். தண்ணீர் பித்தளையின் உட்புறம் ஏறியது. கழுத்துக்கு வந்தது. பாட்டிலில் கடைசிச் சொட்டும் தீர்ந்தபோது தண்ணீர் விளிம்பில் வந்து நின்றது. ஒரு சொட்டும் கூடவில்லை, குறையவில்லை. வாசலுக்கு வெளியே மலையின் நிழல் களத்தில் பாதி தூரம் வந்திருந்தது.

போன் பாத்திரத்துக்குப் பக்கத்தில்தான் கிடந்தது. மணி நாலு ஐம்பது. அவள் ஒரு நாளும் முன்கூட்டிப் பேசியதில்லை, எடை வந்த அந்த ஒரு நாளைத் தவிர. எப்சிபாவின் எண் மின்னி, போன் மேஜை மரத்தில் அதிரத் தொடங்கியது. செல்வமணி "எடுங்க மொதலாளி" என்றார். அவன் கையை நீட்டினான். விளிம்போடு நின்ற தண்ணீரில் ஒரு வளையம் எழுந்து, ஓரத்தைத் தொட்டு, உள்ளே திரும்பி, அடுத்த வளையத்தைச் சந்தித்தது. தண்ணீர் இன்னும் வழியவில்லை.